டேட்டான்னா தரவு, சரி, தந்தது யாரு?

"டேட்டா"ங்கிற சொல்லு நம்ம ஊர்ல ரெண்டு அர்த்தத்துல ஓடுது. ஒண்ணு ரீசார்ஜ் டேட்டா, சாயங்காலத்துக்குள்ள 1.5 ஜிபி தீர்ந்து போயி தம்பிகிட்ட ஹாட்ஸ்பாட் போடுடான்னு கெஞ்சுறோமே, அது. அத "நெட்"டுன்னே சொல்லிட்டுப் போலாம், தமிழ்ப்படுத்துறேன்னு மல்லுக்கட்ட வேணாம். இன்னொண்ணு நம்மளப் பத்தின விவரம், பேரு, நம்பர், எதுக்கு லைக் போட்டோம், எந்த ரீல்ஸ ரெண்டு தடவ பாத்தோம் இதெல்லாம். வம்பே இதுலதான்.

சொல்லு லத்தீன்ல இருந்து வந்தது. "டாரே"ன்னா கொடுக்கிறது, "டேட்டம்"னா கொடுக்கப்பட்டது, அதோட பன்மைதான் டேட்டா. தமிழ்ல "தரவு". வா-ல இருந்து வரவு மாதிரி, தா-ல இருந்து தரவு. புதுசா செஞ்ச சொல்லும் இல்ல, கலிப்பாங்கிற பழைய பாட்டு வகையோட முதல் உறுப்புக்கே தரவுன்னுதான் பேரு. (டாரே, தா ஒரே மாதிரி இருக்கேன்னு உடனே வாட்ஸ்அப்ல கெளப்பி விட்ராதீங்க, தற்செயலா அமைஞ்சதுதான்.)

சிலர் தகவல்னு எழுதுறாங்க, அது வேற. துணிக்கடையில பில் போடுறப்ப "நம்பர் சொல்லுங்க சார்"ங்கிறாங்க, நானும் பின்னாடி நிக்கிறவங்களுக்கு லேட்டாகுமேன்னு கடகடன்னு சொல்லிடுறேன். அந்த நம்பர், தேதி, ரெண்டு சட்ட, இதுவரைக்கும் தரவு. ஆறு பில்ல ஒண்ணா வச்சுப் பாத்து "இவரு சம்பளம் வந்த வாரம்தான் வருவாரு"ன்னு கண்டுபிடிச்சா அது தகவல். காசு அங்கதான் இருக்கு.

சரி, தரவுன்னா தந்தது, ஆனா தந்தது யாரு? 2018ல வெடிச்ச கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்த எடுத்துக்கோங்க (ஃபேஸ்புக்ல இருந்து அள்ளுன விவரத்த தேர்தல் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்துச்சுன்னு மாட்டுன பிரிட்டிஷ் கம்பெனி அது). ஃபேஸ்புக் வழியா உங்க குணம் எப்படின்னு கேள்வி கேக்குற ஒரு ஆப், இந்தியால அத இன்ஸ்டால் பண்ணது 335 பேருதான்னு ஃபேஸ்புக்கே சொல்லுச்சு, ஆனா பாதிக்கப்பட்டிருக்கலாம்னு அவங்களே குடுத்த கணக்கு 5,62,455 பேரு. எப்படின்னா, அப்பல்லாம் ஒருத்தர் ஓகே குடுத்தா அவரோட ஃப்ரெண்ட்ஸ் விவரத்தையும் சேத்து ஆப் அள்ளிக்கலாம். மத்தவங்க யாரும் எதையும் தரல, ஃப்ரெண்டா இருந்தாங்க, அவ்ளோதான். அவங்க விவரத்துக்கும் தரவுன்னுதான் பேரு, பொருந்துதான்னு நீங்களே பாத்துக்கோங்க.

2023ல இந்தியால தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குன்னு சட்டமே போட்டாச்சு. "பெர்சனல் டேட்டா"வுக்கு "தனிநபர் தரவு"ன்னே எழுதுங்க, படிக்கிறவங்களுக்குப் புரியும்.

போன வாரம் அதே துணிக்கடையில நம்பர் தரமாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். "நம்பர் போடலன்னா பில் வராது சார்"னாங்க.