அகழி என்பது வடிகால் அன்று

மாணவர்களின் ஆய்வேடுகளிலும், கருத்துரைக்காக வரும் கட்டுரைகளிலும் ஒரே படம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பெருங்கடல் அகழி, அதனுள் சரியும் புவியோட்டுத் தட்டு, தட்டோடு சேர்ந்து கீழே பாயும் நீல அம்பு, அதன்மேல் ‘கடல்நீர், குளோரின்’ என்ற குறிப்பு. குளோரின், ஃபுளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஹாலஜன்களைப் புவியின் ஆழத்துக்குச் சுமந்து செல்வது கடல்நீர்தான் என்பது அந்தப் படத்தின் பொருள். இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. பொறுத்தது போதும் என்று எழுதுகிறேன்.

தட்டின் மேல் படிந்த கடலடிப் படிவுகளின் நுண்துளைகளில் கடல்நீர் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி, தட்டு அமிழத் தொடங்கிய முதல் சில கிலோமீட்டர்களிலேயே அழுத்தத்தால் பிழியப்பட்டு மேலே திரும்பிவிடுகிறது. ஐயமிருந்தால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கடல்நீரில் குளோரைடு ஏறத்தாழ 19 கிராம் இருக்க, ஃபுளோரைடு வெறும் 1.3 மில்லிகிராம்தான். கடல்நீரே சுமை தூக்கி என்றால் தட்டு ஃபுளோரினை ஏறக்குறைய எடுத்துச் செல்லவே கூடாது. ஆனால் அமிழும் களிமண் படிவுகளில் அது மில்லியனுக்கு நூற்றுக்கணக்கான பங்கு அளவில் இருக்கிறது. கரைசலில் அன்று, கனிமத்தின் படிகக் கட்டமைப்புக்குள்.

ஹைட்ராக்சில் (OH) அயனியும் ஃபுளோரைடும் ஏறத்தாழ ஒரே அளவின என்பதால், அபடைட், ஃபெங்கைட், ஆம்பிபோல் ஆகிய கனிமங்களில் ஹைட்ராக்சிலின் இடத்தை ஃபுளோரைடு எளிதில் பிடித்து, ஆழம்வரை கூடவே போகிறது. குளோரைடு பெரியது, கனிமம் சிதையும்போது அதில் பெரும்பங்கு, வெளியேறும் நீர் கலந்த பாய்மத்துக்குப் போய்விடும். மேன்டில் பாறை நீரோடு வினைபுரிந்து உருவாகும் செர்பென்டைன் கனிமங்களில் ஒரு வகையான ஆன்டிகோரைட்டில் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீர் உண்டு, குளோரினும் உண்டு. 600 முதல் 700 பாகை செல்சியஸ் வாக்கில் அது சிதைகிறது. தெற்கு ஸ்பெயினின் அல்மிரேஸில் இந்த எல்லையைக் காலால் கடக்கலாம்: ஒருபுறம் ஆன்டிகோரைட் பாறை, மறுபுறம் அது சிதைந்து உருவான நீண்ட ஆலிவின் படிகங்கள். அவற்றுக்குள் சிக்கிய நுண்ணிய உள்ளடக்கங்களில், வெளியேறிய பாய்மத்தின் குளோரின் இன்னும் இருக்கிறது. புரோமினையும் அயோடினையும் தேடுவோர் படிவின் கரிமப் பொருளை மறக்க வேண்டாம்.

அளவீட்டிலும் இதே அலட்சியம்தான். கடலடியிலிருந்து எடுத்த பாறையைக் குழாய்நீரில் கழுவிவிட்டு ‘குளோரின் மிகுதி’ என்று எழுதாதீர்கள். குழாய்நீரிலும் குளோரின் இருக்கிறது. மாதிரியைப் பதிக்கும் எப்பாக்சிப் பிசினிலும் இருக்கிறது. விரிசலருகே, தனிமங்களை அளக்கும் நுண்ணாய்வுக் கருவியின் எலக்ட்ரான் கற்றையை வைத்தால் நீங்கள் அளப்பது பிசினைத்தான். அபடைட்டில் கற்றை படிகத்தின் நீளச்சுக்கு இணையாக விழுந்தால், ஃபுளோரினின் எக்ஸ்-கதிர் எண்ணிக்கை சில நொடிகளிலேயே மாறத் தொடங்கும். ஆகவே குறுக்காகக் கிடக்கும் படிகத்தைத் தேர்ந்து, கற்றையை அகலமாக்கி, ஃபுளோரினை முதலில் அளவிடுங்கள். இரும்பு மிகுந்த கனிமத்தில் இரும்பின் எல்-ஆல்பா எக்ஸ்-கதிர்க் கோடு ஃபுளோரின் கோட்டோடு கலப்பதைக் கருவி தானாகச் சொல்லாது, நீங்கள்தான் திருத்த வேண்டும்.

கடைசியாக, தயவுசெய்து, செர்பென்டினைட் (செர்பென்டைன் கனிமங்களால் ஆன பாறை) பொடியைத் தூய நீரில் அலசியபின் அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். குளோரினில் ஒரு பங்கு நீரில் கரையக்கூடியது. அலசிய நீரையும் எஞ்சிய பொடியையும் தனித்தனியே அளந்து, இரண்டு எண்களையும் அட்டவணையில் தாருங்கள்.