முளைப்பாரி வீட்டில் அப்பத்தாவுக்கு முட்டி வலிக்காது

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. திண்ணையை விட்டு இறங்கவே சுவரைப் பிடித்து, "முருகா" என்று ஒரு மூச்சு விட்டுத்தான் காலை ஊன்றும். மேலூர் பக்கம் எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி முளைப்பாரிக்கு முத்துப் போட்டுவிட்டால் போதும், அப்புறம் ராத்திரிக்கு ராத்திரி அதே அப்பத்தா குனிந்து நிமிர்ந்து, வட்டம் சுற்றிக் கும்மி கொட்டும். "வலிக்கலையா அப்பத்தா?" என்று கேட்டால், "அங்க போனா தெரியமாட்டேங்குதுடா" என்கும். எல்லாம் ஆத்தா கொடுக்கிற தெம்பு என்பது அதன் நம்பிக்கை. அந்தத் தெம்பு உடம்புக்குள் எந்த வழியாக வருகிறது என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் துடுப்புப் படகு வீரர்கள் 12 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 2010இல் வெளியானது. துடுப்பு வலிக்கும் எந்திரத்தில் 45 நிமிடம் பயிற்சி, ஒரு நாள் தனியாக, இன்னொரு நாள் கூட்டமாக, ஒரே தாளத்தில். முடிந்ததும் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் கட்டிக் காற்றை ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் "போதும், வலிக்கிறது" என்கிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாகத் துடுப்புப் போட்ட நாளைவிடச் சேர்ந்து போட்ட நாளில் நன்றாகவே அதிக வலியைத் தாங்கினார்கள். உழைப்பு என்னவோ இரண்டு நாளும் ஒன்றுதான்.

காரணமாகச் சொல்லப்படுவது எண்டார்ஃபின். மார்ஃபின் ஊசி போட்டால் அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறதோ, அதே இடத்தில் ஒட்டுகிற, நம் உடம்பே சுரக்கிற வலிமருந்து. மூளைக்குள் அது எவ்வளவு சுரக்கிறது என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, அதனால்தான் வலி தாங்கும் அளவை வைத்துக் கணிக்கிறார்கள். அழகர்கோவிலுக்குப் போகிற வழியில் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு கண்சொருகி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சுகமும் இதே ரசாயனத்தின் வேலைதான். ஆனால் ஒரு குரங்கு ஒரு நேரத்தில் ஒரு குரங்குக்குத்தான் பேன் பார்க்க முடியும். நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் கைதட்டிப் பாடினால் நாற்பது பேருக்கும் அது ஒருசேரக் கிடைக்கிறது! சேர்ந்து பாடுவதும் ஆடுவதும் மனிதக் கூட்டத்துக்கு இவ்வளவு முக்கியமானது இதனால்தான் என்று ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் சொல்கிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

வலியோடு இது முடியவில்லை. அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் குழு 276 ஆரோக்கியமான ஆட்களின் மூக்கில் சளி வைரஸ் சொட்டு விட்டு யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தது, 1997இல் முடிவு வெளியானது. ஆறு வகையோ அதற்கு மேலோ உறவு வைத்திருந்தவர்களைவிட, மூன்று வகையோ அதற்கும் குறைவாகவோ வைத்திருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகம். மொத்தம் எத்தனை பேரைத் தெரியும் என்பதைவிட, உறவு எத்தனை வகை என்பதுதான் அங்கே பேசியது. இந்த இடத்தில் எனக்கு அப்பத்தாதான் ஞாபகம் வந்தது. அது ஒரு வீட்டுக்கு மாமியார், ஒரு வீட்டுக்கு நாத்தனார், நூறு நாள் வேலையில் கூட்டாளி, மகளிர் குழுவில் உறுப்பினர், கும்மியில் பாட்டெடுத்துக் கொடுக்கிற ஆள்.

ஆபத்து என்று மூளை நினைத்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், அது நல்லதுக்குத்தான். வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் நோய் எதிர்ப்பு குழம்பிப்போகும். பக்கத்தில் நம்ம ஆள் இருந்தால் ஆபத்தே சிறிதாகத் தெரிகிறது: 2006இல் வந்த ஓர் ஆய்வில், லேசான ஷாக் வரப்போகிறது என்று காத்திருந்த 16 பெண்கள் கணவர் கையைப் பிடித்தபோது மூளையின் பயப் பகுதிகள் அடங்கின, முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது அந்த அளவுக்கு அடங்கவில்லை. 148 ஆய்வுகளை, மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்து அலசிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, உறவுகள் வலுவாக இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்றது. நோயாளிகள் வெளியே போகாமல் முடங்குவதாலும் கணக்கு இப்படி வரலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத் தொடக்கத்திலேயே உடல்நிலை எப்படி இருந்தது என்பதையும் பல ஆய்வுகள் கணக்கில் எடுத்துக்கொண்டன, அப்போதும் வித்தியாசம் நின்றது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். சேர்த்துக்கொள்வது மருந்து என்றால் விலக்கி வைப்பது உடம்பில் விழுகிற அடி. ஒரு பந்து விளையாட்டில் தன்னை மட்டும் விட்டுவிட்டபோது, உடல்வலியில் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி ஒன்று விழித்துக்கொண்டதை 2003இல் பார்த்தார்கள், அதுவும் கம்ப்யூட்டரில் ஆடிய சும்மா விளையாட்டு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் கோயில் தேர் வடத்தைத் தொடும் உரிமைக்காகத் தலித் மக்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் உடம்பு அத்தனை வருஷமும் எதைத் தாங்கியிருக்கும்?

போன வருஷம் மூன்று மாதம் அப்பத்தா மதுரையில் எங்கள் மாடி வீட்டில் இருந்தது. மாத்திரை, தைலம், நல்ல சாப்பாடு எல்லாம் இருந்தும் முட்டியைப் பிடித்துக்கொண்டே கிடந்தது. பங்குனிக்கு ஊருக்குக் கூட்டிப்போனோம். இருட்டறையில் வைத்து வளர்த்த முளைகள் வெளிறிய மஞ்சளில் ஒரு சாண் உயரத்துக்கு நின்றன, எது யார் வீட்டு முளை என்றே தெரியவில்லை. கடைசி நாள் குலவை போட்டுக்கொண்டே கம்மாய் வரை நடந்தே வந்தது. முளைப்பாரியைத் தண்ணீரில் விட்டுக் கூட்டம் கலைந்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் கரையில் திரும்பி வரும்போதுதான், "வலிக்குதுடா, கொஞ்சம் பிடி" என்று என் தோளில் கையைப் போட்டது.