புது வண்டு என்று சொல்வதற்கு முன்

"சார், இந்த வண்டை இதுவரை பார்த்ததே இல்லை, புது இனம்தானே?" என்று அடிக்கடி என் போனுக்குப் படம் வரும். பெரும்பாலும் இலைமேல் உட்கார்ந்திருக்கும் பளபளப்பான வண்டு. நீலம், பச்சை, சில சமயம் செம்பு நிறம். படம் அழகாகவே இருக்கும். என்னால்தான் பதில் சொல்ல முடிவதில்லை.

இலை தின்னும் வண்டுகள் கிரைசோமெலிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயர் வைக்கப்பட்டவை மட்டும் சுமார் 35 ஆயிரம் இனங்கள். இன்னும் பெயரில்லாதவை ஏராளம். ஆகவே உங்கள் படத்தில் இருப்பது புதிதாக இருக்கலாம். ஆனால் அதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. முழு நீலமாக ஒன்று, மார்பு மட்டும் சிவப்பாக ஒன்று என்று இரண்டைத் தனித்தனி இனமாகப் பிரித்து, வாரக்கணக்கில் அளவெடுத்தவன் நான். ஆண் வண்டுகளைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டும் ஒன்றே. நல்லவேளை, கட்டுரை அச்சுக்குப் போகவில்லை. இதே குடும்பத்து ஆமை வண்டுகள் இன்னும் மோசம். உயிரோடு இருக்கையில் தங்கமாக மின்னுபவை, செத்துக் காய்ந்ததும் வெறும் பழுப்பாகிவிடும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது பாதத்தை. நான்கு கணுக்கள்தான் தெரியும், உண்மையில் ஐந்து. மூன்றாவது கணு இரண்டு மடலாகப் பிளந்து விரிந்திருக்க, அதன் இடுக்கில் குட்டியாய் ஒளிந்திருப்பது நான்காவது. இதே அமைப்பு கூன்வண்டுக்கும் உண்டு என்பதால் இது மட்டும் போதாது. அடுத்து உணர்கொம்பு. பொறிவண்டுக்கு அது குட்டையாக, நுனி தடித்திருக்கும். இலை தின்னும் வண்டுகளுக்குப் பெரும்பாலும் 11 கணுக்களோடு நூல்போல நீளும்.

தொட்டால் துள்ளிப் போகிற சிறு வண்டுகளின் பின்தொடை தனியே கவனிக்க வேண்டியது. அந்தப் பருத்த தொடைக்குள் சுருள்வில் போன்ற ஒரு கடினத் தகடு இருக்கிறது. தசை அதை இழுத்து முறுக்கி, சட்டென விடும்போது வண்டு பறந்ததுபோல மறைந்துவிடும். 1929இல் இதை விவரித்த பூச்சியியலாளர் சமரேந்திர மௌலிக்கின் பெயராலேயே அதை மௌலிக் உறுப்பு என்பார்கள்.

இத்தனைக்கும் பிறகும் வழக்கு பெரும்பாலும் முடிவது ஆண் உறுப்பில்தான். காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறப்போட்டு, வயிற்றைப் பிரித்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்தால் தசையெல்லாம் கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். 3 மி.மீ. வண்டுக்குள்ளிருந்து 1 மி.மீ. அளவில் வளைந்த ஒரு குழல் வரும். கிளிசரினில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பக்கவாட்டில் ஒருமுறை, கீழ்ப்புறம் ஒருமுறை பார்க்க வேண்டும். நுனி கூராக இருக்கிறதா, மழுங்கியதா, கொக்கிபோல் மடங்கியதா என்பதில் இருக்கிறது சங்கதி. வெளியே அச்சு அசலாக இருக்கும் இரண்டு வண்டுகள் இங்கே வேறுபட்டு நிற்கும். பெண்ணில் விந்து சேமிக்கும் பையின் வடிவமும், அதன் குழாயின் சுருள்களும் உதவும். எல்லாக் குழுக்களிலும் அது அவ்வளவு கைகொடுக்காது.

பெயர் சூட்டும்போது ஒரேயொரு வண்டை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி, என்று குறிப்பது வழக்கம். 1999க்குப் பிறகு வெளியாகும் புது இனங்களுக்கு ஆதார மாதிரியைக் குறிப்பது கட்டாயம். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒற்றை வண்டைத்தான் போய்ப் பார்ப்பார்கள். படத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது, பாருங்கள்.

அதனால், எடுக்க அனுமதியுள்ள இடமென்றால் ஒன்றுக்கு நாலைந்தாக எடுங்கள். ஆணும் பெண்ணும் கிடைக்கட்டும். இடம், தேதி இரண்டையும் பென்சிலால் எழுதி, சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை குப்பியிலுள்ள ஆல்கஹாலில் கரைந்துவிடும். எந்தச் செடியில் தின்றுகொண்டிருந்தது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். இவற்றில் பல ஓரிரு செடிகளைத் தவிர வேறெதையும் தொடாது. அதே செடியில் தன் கழிவையே முதுகில் குடைபோல் சுமந்து திரியும் புழு இருந்தால் விட்டுவிடாதீர்கள், ஆமை வண்டின் பிள்ளையாக இருக்கலாம்.

என் மேசை டிராயரில் ஒரு குப்பி வெகுநாளாகக் கிடக்கிறது. உள்ளே இருப்பது ஒரே ஒரு வண்டு, அதுவும் பெண். பின்தொடையைப் பார்த்தாலே இது வேறு என்று மனசு சொல்கிறது. சீட்டில் "இலையில் கிடைத்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த இலை என்று கேட்டேன். அனுப்பியவருக்கு ஞாபகம் இல்லை.