மணி மூன்று இல்லை, நான்கு: கொரியர்கள் திருத்தும் விதம்

"படம் மூணு மணிக்குத்தானே?" என்று நண்பர் கேட்கிறார். நான்கு மணிக்கு என்று உங்களுக்குத் தெரியும். கொரிய மொழியில் நான்கு மணி என்பது 'நே ஷி'. ஆனால் அதன் வாலில் எதை ஒட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நட்பு நீடிப்பதும் முகம் சுருங்குவதும்.

'நே ஷிஜனா' என்றால் "நாலு மணிதானே, உனக்கே தெரியுமே" என்று பொருள். '-ஜி அனா', அதாவது 'இல்லையா', என்ற எதிர்மறைதான் தேய்ந்து சுருங்கி 'ஜனா' ஆனது. தெரிந்ததை மறந்துவிட்டாய் என்று நினைவூட்டும். 'நே ஷிகொதுன்' இதற்கு நேர் எதிர்: உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், கேட்டுக்கொள். இதே வாலை 'இல்லை'யோடு ஒட்டி 'அனிகொதுன்!' என்று சொன்னால் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல!" என்று வெடுக்கென விழும். சண்டை போடும் நண்பர்களுக்குள் சரி, பெரியவர்களிடம் 'யோ' என்ற மரியாதை விகுதி சேர்த்தாலும் துடுக்காகத் தோன்றலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது, 'நே ஷின்தே'. இந்த '-ன்தே' உண்மையில் இரண்டு வாக்கியங்களை இணைக்கும் விகுதி. "நாலு மணி, ஆனா..." என்று இழுத்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், மிச்சத்தைக் கேட்பவரே புரிந்துகொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்று. நம் "நாலு மணியாச்சே", "இல்லையே" இரண்டும் இதற்கு வெகு அருகில் வருகின்றன. மேலதிகாரியிடம் இன்னும் ஒரு படி இறங்கி 'நே ஷி அனின்கயோ?', "நாலு மணி இல்லைங்களா?" என்று கேள்வியாகவே கேட்டுவிடலாம்.

1977-இல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் என்ற உரையாடல் ஆய்வாளர்கள் மூவரும் ஆங்கில உரையாடல்களை ஆராய்ந்து, பேசுபவர் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளத்தான் பேச்சின் அமைப்பே அதிகம் இடம் கொடுக்கிறது, அடுத்தவர் திருத்துவது அரிது, திருத்தினாலும் சந்தேகம் போல மென்மையாக வரும் என்று எழுதினார்கள். அந்த மென்மையைக் கொரிய மொழி ஒரு விகுதிக்குள்ளேயே வைத்திருக்கிறது!

அப்புறம் 'அனி'. அகராதியில் 'இல்லை' என்றிருக்கும். 'அனி, குகே அனிரா' ("இல்ல, அது இல்ல, வந்து...") என்று தொடங்கினால் உண்மையிலேயே திருத்தம் வரப்போகிறது. ஆனால் தாமதமாக வந்தவரைப் பார்த்து "அனி, ஏன் இவ்வளவு லேட்?" என்ற பொருளில் கேட்கும்போது அங்கே மறுக்க எதுவுமே இல்லை, நான் எதிர்பார்த்தது இது அல்ல என்ற திகைப்பு மட்டும்தான். கொரியத் தொடர் பார்ப்பவர்கள் அடுத்த முறை வசனத்தின் முதல் சொல்லையும் கடைசி விகுதியையும் மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.