ஏழாம் ஃப்ரெட்டில் ஒரு சென்டிமீட்டர்

ஆறு கோடுகள், கிட்டாரின் ஒவ்வொரு தந்திக்கும் ஒன்று. மேலிருந்து மூன்றாவது கோட்டில் 7 என்ற எண். அதை ஒட்டி மேலே வளையும் ஓர் அம்பு, அதன் முனையில் ‘ஒரு முழு ஸ்வரம்’ என்ற குறிப்பு. பெங்களூரு அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசைக்கான கிட்டார் பயிற்சி நூலில், முதல் பாடங்களை விரைவாகக் கடந்த நான் இந்த அம்புக்கு முன்னால் பல வாரங்கள் நின்றேன். எண் சொல்வது ஃப்ரெட்டை, அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டை; அங்கே விரலை வைத்துவிடலாம். அம்பை எப்படி வாசிப்பது?

அல்சூரில் இருக்கும் என் அத்தை வீணை வாசிப்பவர். புத்தகத்தைக் காட்டினேன். “இதுல என்னப்பா புதுசு? மெட்டுல தந்தியை இழுக்கிறோமே, அதுதானே?” என்றார். அதேதான். ஆனால் இழுக்கும்போது தந்திக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால், விரல் ஏன் அவ்வளவு தடுமாறுகிறது என்பதும் புரியும்.

ஒரு தந்தியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, தந்தியின் பருமனும் எடையும். பிரெஞ்சு அறிஞர் மரேன் மெர்சென் 1636இல் இதை விதிகளாக எழுதி வெளியிட்டார். ஃப்ரெட்டில் விரலை அழுத்தும்போது நீளம் மாறுகிறது. அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு இடையே அதிர்வெண் சுமார் 5.9 சதவீதம் கூடும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் நீளம் பாதியாகி, அதிர்வெண் இரட்டிப்பாகும். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் எங்கே அழுத்தினாலும் அதே ஸ்வரம்தான் வரும். வெறும் விரல் அழுத்தத்துக்கு அங்கே வேறு ஒலி இல்லை.

ப்ளூஸுக்கு வேண்டியதோ அந்த நடு ஒலி. 220 ஹெர்ட்ஸை ஸட்ஜமாக வைத்தால், கிட்டாரில் சாதாரண காந்தாரம் ஏறக்குறைய 262 ஹெர்ட்ஸிலும் அந்தர காந்தாரம் 277 ஹெர்ட்ஸிலும் விழும். ப்ளூஸ் பாடுகிறவரின் குரல் இந்த இரண்டுக்கும் இடையே ஊசலாடும். அதைத்தான் ‘ப்ளூ நோட்’ என்கிறார்கள். நூலின் முதல் பாடத்தில் வரும் ஐந்து ஸ்வர அளவுகோலை வாசித்துக்காட்டியதும், “சுத்த தன்யாசி மாதிரி இருக்கு” என்றார் அத்தை. ஸ, க, ம, ப, நி என்ற ஸ்வரங்கள் அப்படியே ஒத்துப்போகின்றன. ராகம் என்பது ஸ்வர வரிசை மட்டும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஐந்தையும் நேராக வாசித்தால் இரண்டிலும் உயிர் வராது, அசைத்தால்தான் வரும் என்பது பொது.

வெறும் விரலால் அசைக்க இருக்கும் ஒரே வழி இழுவிசையை மாற்றுவது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஒரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு, ஏற அதிர்வெண் 12 சதவீதம் கூட வேண்டும். அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூடியாக வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் மூன்றாவது தந்தி, 0.43 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே அது ஏழரை கிலோ எடையைத் தாங்கும் அளவுக்கு விறைத்திருக்கிறது. முழு ஸ்வரம் ஏற அது நீள வேண்டியது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறு நீட்சிக்கு ஏழாம் ஃப்ரெட்டில் விரல் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ள வேண்டும், கிட்டத்தட்ட முக்கால் கிலோ எடையைத் தூக்கும் பலத்தோடு. மோதிர விரலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு விரல்களைச் சேர்த்து, பூட்டில் சாவி திருப்புவதுபோல் மணிக்கட்டைத் திருப்பு என்று நூல் சொல்வது இதனால்தான். ஒற்றை விரலால் முடிகிற வேலை இல்லை.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நீட்சி, தள்ளும் தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அதாவது பாதி தூரம் தள்ளினால் பாதி ஸ்வரம் ஏறுவதில்லை; கால் பங்குதான் ஏறும். முதல் அரை சென்டிமீட்டரில் சுருதி சோம்பலாக நகரும். அடுத்த அரை சென்டிமீட்டரில் துள்ளி ஏறும். பழகாத கை கடைசியில் தாண்டிப் போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் மெல்லிய தந்தி. அதைப் போட்டால் சுருதி அதிகம் ஏறும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரே எஃகு, ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் தடிமன் எதுவானாலும், ஒரே தூரத்துக்கு ஒரே அளவுதான் ஏறும். விரலுக்கு வலி குறையும், அவ்வளவுதான். ஆனால் அக்கூஸ்டிக் கிட்டாரில் மூன்றாவது தந்தி பெரும்பாலும் மெல்லிய கம்பிமேல் இன்னொரு கம்பி சுற்றியதாக இருக்கும். இழுவிசையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி மட்டும் என்பதால், அதே தூரம் தள்ளினாலும் அங்கே சுருதி குறைவாகவே ஏறும். அக்கூஸ்டிக்கை வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தில் போராடுபவர்கள் தங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம்.

தந்தியை வளைக்காமலும் அந்த நடு ஒலியைப் பிடிக்கலாம். 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் ரயில் நிலையத்தில், ஒரு கறுப்பினத்தவர் கிட்டார் தந்திமேல் கத்தியை வழுக்கி வாசித்ததைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். கத்தியோ பாட்டில் கழுத்தோ ஃப்ரெட்டுகளைப் பொருட்படுத்தாது. நினைத்த இடத்தில் நிற்கும்.

சரி, விரலால் தள்ளும்போது எங்கே நிறுத்துவது? நூலில் இதற்கு ஓர் அருமையான பயிற்சி இருக்கிறது. இரண்டாவது தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தி ஒலிக்கவிட வேண்டும். அது 330 ஹெர்ட்ஸ். கூடவே மூன்றாவது தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டை, 294 ஹெர்ட்ஸிலிருந்து, மெல்ல மேலே தள்ள வேண்டும். இரண்டும் நெருங்கும்போது ஒலியில் ஒரு அலை எழும்: கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து. வித்தியாசம் நான்கு ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு நான்கு அலை. ஒன்று என்றால் ஒன்று. அலை மெதுவாகி, நீண்டு, அடங்கும் இடத்தில் விரலை நிறுத்த வேண்டும். அத்தை வீணைக்குச் சுருதி சேர்க்கும்போது கண்ணை மூடிக் காத்திருப்பதும் இந்த அலை அடங்குவதற்குத்தான்.