பாட்டில் நிறைந்தே இருந்தால் பயப்படுங்கள்

ஆயுதபூஜைத் தொடர் லீவு முடிந்த திங்கட்கிழமை காலை. பெங்களூரில் நான் கால்நடை மருத்துவராகப் போய்வரும் ஆய்வகம் ஒன்றின் அனிமல் ஹவுஸ், அதாவது சோதனை விலங்குகளை வைத்திருக்கும் இடம். ஒரு கூண்டில் நான்கு சுண்டெலிகளில் இரண்டு செத்துக் கிடந்தன. மற்ற இரண்டும் கூனிப்போய், முடி சிலிர்த்து, கண் உள்ளே போய் மூலையில் ஒண்டியிருந்தன. ஒன்றின் பிடரித் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்றது, உடம்பில் நீர் வற்றிய அடையாளம். தீனியையும் தொடவில்லை. தாகத்தில் காய்ந்த தீனி இறங்காது.

“மேடம், பாட்டில்ல தண்ணி ஃபுல்லாத்தானே இருக்கு?” என்றார் ஆய்வு மாணவர். தர்மபுரிப் பையன், அக்கறையானவர்தான். லீவு நாட்களிலும் ஆள் வந்து எட்டிப் பார்த்து, பதிவேட்டில் ‘தண்ணீர் உள்ளது’ என்று எழுதியிருக்கிறார். இந்த வருடத்தில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது கூண்டு இது.

ஃபுல்லாக இருந்ததுதானே கோளாறு! ஒரு சுண்டெலி நாளுக்குச் சுமார் 4, 5 மில்லி குடிக்கும். நான்கு எலி, மூன்று நாள்: சுமார் 50 மில்லி குறைந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை ஊற்றிய மட்டம் திங்கட்கிழமையும் நின்றால் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. கவிழ்த்து மாட்டிய பாட்டிலில் எலி வாய் வைத்துக் குடிக்கும் குழாய் முனையில் காற்று அடைத்திருந்தது, அவ்வளவுதான். ஆக, மட்டம் குறைந்திருந்தால் நிம்மதி, குறையாவிட்டால் உடனே பாட்டிலைக் கழற்றிப் பாருங்கள். (ஒரேயடியாகக் காலியாகியிருந்தால் ஒழுகியிருக்கும், கீழே விரித்த தூள் ஈரமா என்று தொட்டுப் பாருங்கள்.)

“எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இருக்கே மேடம்” என்பார்கள். அது சோதனைக்குக் கொடுத்த ஒப்புதல். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-ன் கீழ் இயங்கும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வின் வழிகாட்டுதல் ஞாயிறு, பண்டிகை எதுவானாலும் தினமும் பராமரிக்கச் சொல்கிறது. உங்கள் ஆய்வுக்கும் இதில் நஷ்டம்தான்: தண்ணீர் இல்லாத எலியின் ரத்தத்தில் யூரியா ஏறும். பழியை நீங்கள் சோதிக்கும் மருந்தின் மேல் போடுவீர்கள்.

பாட்டிலை மாட்டுமுன் கவிழ்த்து, முனையை விரலால் தொடுங்கள். சொட்டு வர வேண்டும். வராவிட்டால் முனையை மாற்றுங்கள். மட்டத்துக்கு மார்க்கரில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கதவருகே நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கூண்டை வெளியே இழுத்து எலியைப் பாருங்கள். வேட்டையாடப்படும் சாதி அது, வலியையும் தளர்ச்சியையும் மறைத்துக்கொள்ளும். கூனல் கண்ணில் படும்போது நிலைமை கைமீறியிருக்கும்.

அன்று மிஞ்சிய இரண்டுக்கும் வெதுவெதுப்பான சலைனைத் தோலுக்கடியில் ஏற்றினேன். ஒன்று மறுநாள் தீனி கொறித்தது. மற்றது பிழைக்கவில்லை.

இன்னொன்று கெஞ்சியே கேட்கிறேன். 21 நாளில் தாயிடமிருந்து பிரிக்கும் குட்டிகளுக்குக் குழாய் முனை எட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். எட்டாவிட்டால் நீளமான முனை மாட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தீனியைத் தண்ணீரில் நனைத்துக் கூண்டின் தரையிலேயே வையுங்கள்.