‘தண்ணிப் பக்கம் போகாதே’ என்று சொன்னால் போதுமா?

இந்த மாதமும் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வந்தேன். பதினான்கு வயதுப் பையன். டியூஷன் முடிந்து கூட்டாளிகளோடு களனி கங்கையில் குளிக்கப் போனவன். “சுழி இழுத்திட்டுது” என்று வந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கட பிள்ளை தண்ணிப் பக்கமே போகமாட்டான் மிஸ்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொழும்பின் வடக்குப் பக்கத்தில், தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான சின்ன வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். இதே வசனத்தை வேறு தாய்மாரிடமும் கேட்டிருக்கிறேன். வகுப்புக்குப் பெயர் கேட்டுப் போனால் பாதி வீடுகளில் கிடைக்கும் பதிலும் இதன் மறுபக்கம்தான்: “நீந்தப் பழக்கினால் துணிச்சல் வந்து கங்கைக்குப் போய்விடுவான்.”

அம்மா, அவன் இப்போதே போகிறான்! மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கங்கை, நடுவில் கால்வாய்கள். எந்தப் பிள்ளை எங்கே குதிக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றோருக்குத்தான் தெரியாது. நீந்தத் தெரியாதவன் பயந்து கரையில் நிற்பான் என்று நினைக்கிறீர்கள். நிற்கமாட்டான். கூட்டாளி இறங்கினால் இவனும் இறங்குவான், தெரியாது என்று சொல்ல வெட்கப்படுவான். பழகிய பிள்ளைதான், “இங்கே இழுவை இருக்கு, வேண்டாம்” என்று சொல்லும். ஆழம் பார்க்கவும், நீரோட்டம் பார்க்கவும், வேண்டாம் என்று திரும்பவும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். வீதியில் வாகனம் ஓடுகிறது என்பதற்காகப் பிள்ளைக்கு வீதி கடக்கப் பழக்காமல் விடுகிறோமா?

பிள்ளை போகாவிட்டாலும் தண்ணீர் வரும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் ஏறியது. அன்று யார் தண்ணீர்ப் பக்கம் போனார்கள்?

பங்களாதேஷில் கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை இறக்கி, 4 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடியே இன்னொருவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் பாடம். பழகிய பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைப் பழக்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பழக்கினால் சாவான் என்ற பேச்சை இனியாவது விடுங்கள்.

நாங்கள் முதலில் பழக்குவது மிதக்க. கை வீசி வேகமாக நீந்துவதெல்லாம் அப்புறம். போன கிழமை ஒரு எட்டு வயதுப் பிள்ளை. காதுக்குள் தண்ணீர் போனதும் உடம்பு விறைத்துத் தலையைத் தூக்கினாள். தலை தூக்கினால் இடுப்பு தாழும். பிடரிக்குக் கீழே என் கையை வைத்து, “நாடியை மேலே, கூரையைப் பார்” என்றேன். மெல்ல மெல்லக் கை இரண்டு விரலானது, பிறகு விரலும் இல்லை. அவளுக்குத் தெரியவே இல்லை, தகரத்தை எண்ணிக்கொண்டு மிதந்தாள்.

பெண் பிள்ளைகளை வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள். உடுப்புத்தான் பிரச்சினை என்றால் நீளக் கை டீ சேர்ட்டும் லெகிங்ஸும் போட்டு அனுப்புங்கள். எங்களுக்கும் அதுதான் விருப்பம். கால்வாயில் தவறி விழுகிறவர் நீச்சல் உடுப்போடு விழுவதில்லை.

மூழ்குகிற பிள்ளை கத்தும், கை காட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு விடவே வாய் போதாது, கத்துவது எங்கே? சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே சின்னப் பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது கைநீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். போனை உள்ளே வையுங்கள்.

சுழி என்று எல்லாரும் சொல்வது பல இடங்களில் மணல் அள்ளிய குழி. முழங்காலளவு தண்ணீரில் நடப்பவன் அடுத்த அடியில் ஆளை மூடும் ஆழத்துக்குள் போய்விடுவான். தெரியாத இடத்தில் இறங்கவே வேண்டாம். கங்கை கடலில் விழும் இடத்தில் ஒருபோதும் வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலும் வேண்டாம். சிவப்புக் கொடி பார்த்தால் வாதாடாமல் திரும்புங்கள்.

ஒருவனைக் காப்பாற்றக் குதித்து இரண்டாவது ஆளும் சாவது நான் அதிகம் வெறுக்கும் செய்தி. குதிக்காதீர்கள். தடியை நீட்டுங்கள், சேலையை வீசுங்கள், மூடி இறுக்கிய வெற்று ஐந்து லீட்டர் கானை எறியுங்கள். தண்ணீருக்குள் மனிதனின் பாரம் மிகக் குறைவு, அந்தக் கானை நெஞ்சோடு அணைத்தால் முகம் மேலே நிற்கும். கங்கைக் கரையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கயிறு கட்டிய கான் ஒன்று வாசலில் தொங்கட்டும்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு. உதவி வரும்வரை விடாதீர்கள். இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுக்கட்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கொழும்பில் தடாகம் உள்ள பாடசாலை அதிபர்களிடமும் ஹோட்டல் நிர்வாகங்களிடமும் கேட்கிறேன். சனி மாலையிலும் வார நாட்களின் பகல் வேளையிலும் உங்கள் தடாகங்கள் சும்மா கிடக்கின்றன. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாருங்கள். பழக்குவது, கரையில் நின்று காவல் பார்ப்பது, வந்த பிள்ளைகளை எண்ணி வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் எங்கள் பொறுப்பு. ஆழமில்லாத பக்கம் மட்டும் போதும்.